தண்ணீர் கொடுத்தவளும் அம்புலன்ஸ் படிப்பும்

இந்த நாட்டில் அம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வீதியே ஒதுங்கி நின்றுவிடுகிறது. நாங்கள் மினசோட்டாவுக்கு வந்த புதிதில் என் கணவர் திடீரென்று காரை ஓரங்கட்டியபோது, கார் பழுதாகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். சுற்றிப் பார்த்தால் முன்னால், பின்னால், எதிர்ப்பக்கம் போகிற வாகனங்கள்கூட, பள்ளிக்கூட அதிபரைக் கண்ட பிள்ளைகள் மாதிரி அசையாமல் நிற்கின்றன. ஊரில், எங்கள் கல்முனை வீதியில் நோயாளியை ஏற்றிய ஓட்டோ பட்டப்பகலில் லைட்டைப் போட்டு, ஹோனை அமத்திப் பிடித்துக்கொண்டு பறக்கும். உள்ளே இருப்பவர் வெள்ளைத் துணியை வெளியே நீட்டி ஆட்டுவார். சம்மாந்துறையிலிருந்து நெல்மூட்டையோடு வரும் டிரக்டர் சாவகாசமாகத்தான் விலகும். இங்கே அன்று எங்களைக் கடந்துபோன அம்புலன்சை ஓட்டியது ஒரு பெண். அதைப் பார்த்ததும் விழுந்தவரை ஓடிப்போய்க் காப்பாற்றும் பழைய ஆசை ஒன்று எனக்குள் தலைதூக்கியது.

அந்த ஆசைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைப் பல வருடங்களாகக் கொஞ்சம் பெருமையடித்தே சொல்லி வந்தேன். நான் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலம். சாய்ந்தமருதில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு இளைஞன் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தான். ஜெயந்தன் என்று பெயர், திருக்கோவில் ஆள் என்று பிறகுதான் தெரியும். ஆட்கள் கூடிவிட்டார்கள், ஆனால் கிட்டப் போக எல்லோருக்கும் பயம். "தண்ணி குடுங்க, தண்ணி குடுங்க" என்ற சத்தம் மட்டும் வந்தது. நான் ஜக்கோடு ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்து வாயில் தண்ணீர் ஊற்றினேன். இருமினான், கண்ணைத் திறந்தான், பிறகு ஓட்டோவில் ஏற்றிப் போனார்கள். பிழைத்துக்கொண்டான். ஒரு மாதம் கழித்து அவனுடைய தாய் இரண்டு சட்டித் தயிரோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "நீ குடுத்த தண்ணிதான் மகள் என்ட புள்ளைக்கு உசிரக் குடுத்த" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் தயிரோடு வருவார். என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு எனக்கும் வந்துவிட்டது.

இங்கே அம்புலன்சில் போக வேண்டுமென்றால் ஈ.எம்.டி. என்ற அவசர முதலுதவிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதற்கு இரண்டு வகுப்புகள் இருந்தன. ஒன்று ஒரு தனியார் நிலையம் நடத்தும் ஐந்து கிழமைப் படிப்பு. பாடமெல்லாம் கணினியில், செய்முறை இரண்டே இரண்டு சனிக்கிழமைகளில். மற்றது கல்லூரியில், நான்கு மாதம், கிழமைக்கு மூன்று நாள், அதற்கு மேல் அம்புலன்சிலும் போய் வர வேண்டும். கடைசியில் எழுதப்போவது ஒரே பரீட்சை. வெள்ளிக்கிழமைக்குள் எதிலாவது பெயர் பதிய வேண்டும்.

தனியார் நிலையத்தில் இருந்தவர் மிக நல்ல மனிதர். எனக்குக் கோப்பி தந்து, சுவரில் தொங்கிய மாதிரிச் சான்றிதழைக் காட்டி, இதில் உங்கள் பெயரும் வரும் என்று சிரித்தார். என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எனக்கோ வாயெல்லாம் பல். "இதுதான் நமக்குச் சரி. வேலைக்கும் போகலாம், அஞ்சு கிழமையில முடிஞ்சிரும்" என்றார் என் கணவர்.

கல்லூரியையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோமே என்று புதன்கிழமை போனேன். டோனா என்ற ஆசிரியை, நரைத்த குட்டைமுடி, சிரிக்கத் தெரியாத முகம். வகுப்பைப் பார்க்க வந்தவள் என்று என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மாணவன் ஒருவனைத் தரையில் படுக்கவைத்து, இவன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவன், நீ என்ன செய்வாய் என்று கேட்டார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. இது எனக்குத் தெரிந்த பாடமல்லவா? ஓடிப்போய் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். என் பையிலிருந்த போத்தலைத் திறந்து அவன் வாயில் சரித்தேன். அவன் மெய்யாகவே புரைக்கேறி எழும்பிவிட்டான்.

"இதை உனக்கு யார் சொல்லித் தந்தது?" என்று டோனா கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து, "எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்" என்றேன்.

டோனா குரலை உயர்த்தாமல் விளக்கினார். விழுந்தவனின் கழுத்து எலும்பு முறிந்திருக்கலாம், தலையைத் தூக்கினால் ஆயுளுக்கும் கை கால் இழுத்துவிடலாம். நினைவு மங்கியவனுக்குத் தண்ணீர் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். என் கண்முன்னால் இருந்தது அந்த மாணவன் அல்ல, ஜெயந்தன். அவன் அன்று கண் திறந்தது தண்ணீரால் அல்ல, மூச்சுத் திணறியதால்தான். நான் காப்பாற்றவில்லை. கொல்லாமல் விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். வெட்கம் பாதி, பயம் பாதி. கணவர் பக்கத்தில் வந்து இருந்து, "மற்ற இடத்துக்கே போவம். அங்க ஒருத்தரும் ஒன்ன இப்பிடிக் கேக்க மாட்டாங்க" என்றார். பாவம், என் மனம் நோகக் கூடாதென்றுதான் சொன்னார். ஆனால் எனக்குத் தெளிவு வந்தது அந்த வார்த்தையில்தான். கேட்க ஆளில்லாத இடத்தில் என் பிழையும் என்னோடு சேர்ந்து பாஸாகி, சீருடை போட்டு அம்புலன்சில் ஏறியிருக்கும். "மச்சான், என்னப் பிழை பிடிச்ச இடத்துலதான் நான் படிக்கப் போறன்" என்றேன். வியாழக்கிழமையே கல்லூரியில் பெயர் பதிந்துவிட்டேன்.

ஆனாலும் தயிர்ச்சட்டி நெஞ்சில் கனத்தது. ஞாயிறு காலையில் உம்மாவோடு வீடியோவில் கதைத்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். "அவனுக்கு ஆயுள் இரிந்திச்சி, அல்லாஹ் காப்பாத்தினான். அந்த மனிசிக்கிட்ட ஒண்டும் செல்லாத, மனசு ஒடஞ்சிரும்" என்றார் உம்மா. நானும் ஓம் என்றுதான் போனை வைத்தேன். ஆனால் இரண்டு கிழமைக்குப் பிறகு உம்மாவின் போனில் அந்தத் தாயின் முகமே தெரிந்தது. வருடாந்தத் தயிரோடு வந்திருக்கிறார். "மகள், ஜெயந்தன்ட கலியாணத்துக்கு நீ இல்லாமப் போயிட்டாய்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் என்னால் பொய்யை வைத்துக்கொள்ள முடியவில்லை. சொல்லிவிட்டேன். நான் கொடுத்த தண்ணீர் உங்கள் மகனைக் கொன்றிருக்கும், எனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அவர் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். பிறகு, "அப்ப என்ன செய்யோணும்?" என்று கேட்டார்.

விழுந்தவரின் தலையை இரண்டு பக்கமும் கையால் பிடித்து அசையாமல் வைத்துக்கொண்டு, அம்புலன்ஸ் வரும்வரை அவரோடு கதைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றேன். அவர் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த என் உம்மாவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினார். "இப்பிடியா?"

"ஓம், அப்பிடித்தான்" என்றேன்.

"அங்க ஆராவது விழுந்தா அம்புலன்ஸ் ஓடி வரும் எண்டு சொல்றாய். இஞ்ச அது வாறதுக்கு முதல் நாங்கதான் ஓடிப்போறம். எங்களுக்கு ஆர் மகள் இதச் சொல்லித் தாற?"

உம்மா, தலை அவர் கைக்குள் இருக்க, ஆடாமல் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கு எனக்கு வகுப்பு. சீருடை கதவில் தொங்கியது, நான் விரும்பித் தேர்ந்த படிப்பு, மனதுக்கு நிறைவாகத்தான் இருந்தது. "நான் வந்து சொல்லித் தாறன்" என்று அவரிடம் சொன்னேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. உம்மாவின் தலையை இன்னும் விடாமல் பிடித்திருந்தார்.