அவளுக்கென்று அவன் வைத்த பாட்டு

"இந்தப் பாட்டுக்கு என்னம்மா அர்த்தம்?" என்று அப்பா கேட்டார்.

அப்பா மருத்துவமனைப் பிணவறையில் வேலை செய்கிறார். தெருவில் அவருக்கு 'ஐஸ்பெட்டி' என்று பட்டப்பெயர். கோபித்துக்கொள்ள மாட்டார். "என்கிட்ட வந்தவங்க யாராவது இதுவரைக்கும் குறை சொல்லியிருக்காங்களா?" என்று அவரே சிரிப்பார். ஆனால் வேலை முடிந்து வந்தால், முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவாமல் தம்பியைத் தூக்க மாட்டார். பள்ளியை முடித்துவிட்டு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் கிடந்த நான்தான் அவருக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். முன்னறையைத் தாண்டி என்னை விட்டதில்லை.

அன்று முன்னறை மேசைமேல், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு போன் பாடிக்கொண்டிருந்தது. காலையில் சாலை விபத்தில் இறந்துபோன இளைஞனுடையது. திரை நொறுங்கியிருந்ததால் கூப்பிடுவது யாரென்று தெரியவில்லை.

"மத்தவங்க கூப்பிட்டா சாதா மணிதான் அடிக்குது. யாரோ ஒருத்தருக்கு மட்டும் இந்தப் பாட்டு. அந்தப் பையனோட அம்மாவுக்குச் சொல்லியாச்சு, வந்துட்டிருக்காங்க. அப்ப இது யாரு?" என்றார் அப்பா.

என் போனைப் பக்கத்தில் பிடித்துத் தேடினேன். ஸ்பானிய மொழிக் காதல் பாட்டு. வரிகளைத் தமிழுக்கு மாற்றிப் படித்துக் காட்டினேன். 'எவ்வளவு தாமதமாக வந்தாலும் என்னைக் கூப்பிடு. தூங்கிப்போயிருந்தாலும் உன் குரலுக்கு எழுந்துவிடுவேன்.'

அப்பா சாப்பாட்டு டப்பாவை மூடினார். "இந்தப் பொண்ணுக்கு யாரும் சொல்லப் போறதில்லை."

இறந்தவர்களின் போனை ஊழியர்கள் தொடக் கூடாது. மறுபடி பாடியதும், உறைக்கு மேலேயே நொறுங்கிய திரையை விரலால் தள்ளி அப்பா எடுத்தார்.

"எங்கடா தொலைஞ்ச? காலையிலேருந்து அடிச்சிட்டே இருக்கேன்!" என்றது ஒரு பெண் குரல்.

"அம்மா, நான் ஆஸ்பத்திரியிலேருந்து பேசறேன். பக்கத்துல சுவர் இருந்தாப் பிடிச்சுக்க."

வேலை பார்க்கும் கடையின் சீருடையிலேயே அந்தப் பெண் ஓடி வந்தாள். அதற்குள் அவனுடைய அம்மாவும் மாமாவும் வந்து, உள்ளே அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அவங்களுக்கு என்னைத் தெரியாதுங்க. தெரிஞ்சா கிட்டவே விட மாட்டாங்க. முகத்தை ஒரு தடவை பார்த்தாப் போதும்."

அப்பா ஒரு நீல மேலங்கியையும், தரை துடைக்கும் மாப்பையும் வாளியையும் எடுத்து நீட்டினார். "துடைக்கிறவளா உள்ள வா. அழக் கூடாது. அழுதா ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்."

கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அவன் தலைமாட்டில் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள். அந்த அம்மா அவளுக்கு இடம்விட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார். வாளி கட்டில்காலில் இடித்தது.

"மெல்லம்மா. சின்னச் சத்தம் கேட்டாலும் முழிச்சுக்குவான்."

"சரிங்க," என்றாள். அவ்வளவுதான் பேசினாள். அவன் எழுந்திருக்கவில்லை.

மாமா கையெழுத்துப் போட்டுப் போனை வாங்கிக்கொண்டார். அவனை ஏற்றிய வண்டி கிளம்பியதும் அப்பா திரும்பிப் பார்த்தார். மேலங்கி வாளிமேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவளைக் காணோம்.

வீட்டில் கை கழுவும்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது. "கூப்பிடறவங்களுக்கு இந்தப் பக்கம் அடிக்கிற பாட்டு கேக்காதேம்மா. அவன் வச்சிருந்தது அவளுக்குத் தெரியுமோ என்னவோ. சொல்ல விட்டுட்டேனே." தம்பி கையை நீட்டிக்கொண்டு நின்றான். அப்பா மறுபடியும் சோப்பை எடுத்தார்.

அவள் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அதனால் இதைப் படிப்பவர்களே, கடையில் வேலை பார்க்கும் பெண்கள் யாரையாவது தெரிந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். எப்படியாவது அவள் காதுக்குப் போகட்டும்: மற்ற எல்லோருக்கும் மணிதான் அடித்தது. அவளுக்கு மட்டும்தான் பாட்டு.