ஆம்ப்ளிஃபையர் பார்க்க வந்தவர்

என்னைப் பெண் பார்க்க வர வேண்டியவர், முதலில் எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபையரைப் பார்க்கத்தான் வந்தார். எல்லாம் அப்பா செய்த வேலை.

அப்பா மலேசியாவில், லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மெக்கானிக். வெள்ளைக்கார மானேஜர் ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை விற்றார். மற்றவர்கள் கட்டில், அலமாரி என்று புத்தியாக வாங்கினார்கள். அப்பா வால்வு போட்ட ஒரு கிழட்டு ஆம்ப்ளிஃபையரையும் ரெக்கார்டு பிளேயரையும் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா இறந்த பிறகு வீட்டில் நான், அப்பா, அது, அவ்வளவுதான். ஸ்விட்சைப் போட்டால் வால்வுகள் மெல்லச் சிவக்கும். கூடவே 'ஊம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பும். பாட்டு முடிந்தாலும் அது முடியாது.

எழுபதுகளின் கடைசியில், ஓர் உறவுக்காரக் கல்யாணத்தில் என்னைப் பார்த்துவிட்டு அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு குடும்பம் ஆள் அனுப்பியது. பையனுக்கு அங்கேயே மெர்கோங்கில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மொதல்ல பையன வந்து இந்த ஆம்ப்ளிஃபையர பாக்கச் சொல்லுங்கலா," என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அதை அன்றைக்கே கிணற்றில் போட்டிருப்பேன்.

அவர் ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி வந்தார். நாங்கள் பூசை முடிந்து திரும்பும்போது வாசலில் கருவிப் பையோடு நின்றார். ஆம்ப்ளிஃபையரின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்து, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார். அப்பாவுக்குக் கண் சரியில்லை. ஆகவே நான் பிடித்தேன்.

முதல் வாரம் வால்யூம் குமிழின் கரகரப்பு போனது. அதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. ஆனால் போகும்போது, "ஒயரெல்லாம் பழசு, மாத்தணும் ஐயா," என்றார். அடுத்த வாரம் ஒயர். அதற்கடுத்த வாரம் புது வால்வு. பிறகு கேசட் பிளேயர் மாட்ட ஒரு துளை. அப்பா பக்கத்திலேயே இருந்ததால் எங்களுக்குள் பேச்சு கிடையாது. ஈயம் உருகுகிற புகைக்குள் தலையை விட்டபடி, "இன்னும் கொஞ்சம் கிட்ட," என்பார். டார்ச்சைத்தான் சொன்னார் என்று நானும் நம்பினேன். ஒயர் மாற்றிய பிறகு 'ஐயா' போய் 'அங்கிள்' ஆனது. துளை போட்ட அன்று துணிந்து 'மாமா' என்றார். அப்பா பதிலுக்கு இருமினார்.

கடைசியில் மாற்ற ஒன்றும் மிச்சமில்லை, அந்த இரைச்சலைத் தவிர. அது பழைய கண்டென்சரின் கோளாறு என்றார். அதைக் கழற்றிவிட்டுப் புதிதைப் போட்டார். முகத்தில் பரீட்சையில் முதலாவதாக வந்த பெருமை.

அப்பா ஸ்விட்சைப் போட்டார். வால்வுகள் சிவந்தன. சத்தமே இல்லை.

"கெட்டுப் போச்சா, ரோசாக் ஆயிருச்சா தம்பி?"

"இல்ல மாமா, ஓடுது. அதான் கிளீனா இருக்கு."

அப்பா நம்பவில்லை. வால்யூமைக் கடைசிவரை திருகிவிட்டு ரெக்கார்டில் ஊசியை வைத்தார். நாதஸ்வரம் இடி விழுந்தாற்போல் வெடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் வேலியைத் தாண்டின. அப்பா நாற்காலியோடு பின்னால் போனார். நான் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "நல்லா இருக்கு," என்று ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரம் முழுக்க அப்பா ஆம்ப்ளிஃபையரைத் தொடவில்லை, கல்யாணத்தைப் பற்றியும் மூச்சு விடவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "அவரு என்ன தப்பு செஞ்சாரு? புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லுங்கப்பா!" என்று கத்தினேன்.

அப்பா வெகுநேரம் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"நீ பிறை பேக்டரிக்கு ஷிப்டுக்குப் போயிருவ. வீடு சும்மா கெடக்கும். அத போட்டு விட்டா ஏதோ ஆளு இருக்கிற மாதிரி முனகிக்கிட்டே இருக்கும். இப்ப நீயும் போகப் போற. அதையும் அந்தப் பையன் எடுத்துட்டான்லா."

தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வரும்போதெல்லாம், ரெக்கார்டு சுற்றாமல் வெறும் 'ஊம்' மட்டும் கேட்கும். மனுஷன் அணைக்க மறந்துவிட்டார் என்று திட்டிக்கொண்டே போய் நான்தான் அணைப்பேன். எத்தனை நாள் அணைத்திருப்பேன்!

அடுத்த ஞாயிறு, அப்பா கொல்லைப்பக்கம் போயிருந்த நேரத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாங்கள் இருவரும் டார்ச் சம்பந்தமில்லாமல் பேசிய முதல் பேச்சு அது. அவர் பையைத் துழாவிப் பழைய கண்டென்சரை எடுத்தார். எல்லாம் கற்ற ரிப்பேர்காரர், நல்ல மெஷினை உட்கார்ந்து கெடுத்தார். நான் வெளிச்சம் பிடித்தேன்.

அப்பா வந்து ஸ்விட்சைப் போட்டார். 'ஊம்' என்று கிளம்பியது. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ரெக்கார்டு எதுவும் போடவில்லை.

"பாட்டு போடலையா மாமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"பாட்டு எதுக்கு? போதும்," என்றார் அப்பா. கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "வர்ற ஞாயிறு ஒங்க வீட்டுப் பெரியவங்கள கூட்டிட்டு வாங்க தம்பி."

காத்திருந்த வார்த்தைதான். ஆனால் அந்த 'ஊம்' சத்தத்தோடு தனியே சாய்ந்திருந்த அப்பாவைப் பார்த்ததும், அவர்கள் வரவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது.