இடது ஓரத்தில் நிற்பவர்

அந்தப் புத்தகம் சாப்பாட்டுத் தட்டளவு அகலம். நீல அட்டை. பிரான்சின் நடுப்பகுதியில், அந்த நாட்டுக்காரர்களே வரைபடத்தில் தேடிப் பிடிக்கவேண்டிய ஒரு சிறு நகரத்து உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறு அது. பாதி தாண்டிப் புரட்டினால் இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு ஒரு படம். பதினோரு வீரர்கள், பயிற்றுநர், கழகத் தலைவர், பங்குச் சாமியார். இடது ஓரத்தில், இரண்டு கைகளிலும் விளையாட்டுச் சப்பாத்துகளைக் கொத்தாகத் தூக்கிப் பிடித்தபடி, மீசை வைத்த மெலிந்த ஒரு கறுத்த மனிதர். கீழே எல்லாருடைய பெயரும் வரிசையாகப் போட்டிருக்கிறது. கடைசியில், 'இடது ஓரத்தில் நிற்பவர்: பெயர் தெரியவில்லை' என்று இருக்கிறது. போன மாதம் அண்ணையின் மகள், மணிக்கு ஒன்று வருகிற பஸ்ஸைப் பிடித்து கனடாவில், மொன்றியல் ஓரம் நான் இருக்கிற இல்-பிசாருக்கு வந்து, தகப்பனின் சாமான்களுக்குள் கிடந்த இந்தப் புத்தகத்தை என் குசினி மேசையில் விரித்து வைத்தாள். ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. "மாமா, இவர் அப்பா மாதிரியே இருக்கிறார். ஆனா அப்பா ஒருநாளும் பிரான்சில இருக்கேல்லையே" என்றாள். தாயைக் கேட்டாளாம். மாமாவைப் போய்க் கேள் என்று தாய் சொல்லிவிட்டாராம். நல்ல வேலை செய்தார். அவர்கள் வீட்டுக்குள் இத்தனை வருடம் பூட்டிவைத்திருந்ததைத் திறக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்.

அண்ணை என்று நான் சொல்வது என் கூடப்பிறந்தவரை அல்ல. இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் இதே மொன்றியலின் மேற்கே புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். குளியலறைத் தரைக்குப் பதிக்கிற ஓடுகளைப் பெட்டி பெட்டியாக இறக்குவது, அடுக்குவது, திரும்ப ஏற்றுவது. அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முதுகுவலி. ஆட்கள் பிறகுதான் வருவார்கள். விடிய மெட்ரோ, பிறகு பெருஞ்சாலை ஓரமாகப் போகிற பஸ், போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. பனிக்காலத்தில் பஸ்ஸின் கண்ணாடி முழுக்க ஆட்களின் மூச்சு படிந்திருக்கும். எங்கே போகிறோம் என்றே தெரியாது, தெரிந்துதான் என்ன. அண்ணை யாழ்ப்பாணக் கடற்கரையில் ஒரு கத்தோலிக்கப் பங்கிலிருந்து வந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். களஞ்சியத்தில் அவர் வாயிலிருந்து வந்த பிரெஞ்சு இரண்டே சொற்கள்தான், போன்ஜூர், மெர்சி. மேற்பார்வையாளர் அவரோடு கையால்தான் கதைப்பார். மாலை வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தவன் நான் என்பதால் நான்தான் மொழிபெயர்ப்பாளர். அதில் எனக்கு ஒரு பெருமை வேறு. இப்போது நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

உலகக் கிண்ணம் நடந்த ஒரு கோடையில் எல்லாம் வெளிவந்தது. எங்களுக்கு ஓடு கொண்டுவருகிற லொறிச் சாரதி ஒருவன் பிரான்சிலிருந்து குடிவந்து இரண்டு மூன்று வருடம்தான் இருக்கும். அந்த நாட்களில் யாரைக் கண்டாலும் பந்தைப் பற்றித்தான் பேச்சு. அவன் தன்னுடைய ஊர்க் கழகத்தைப் பற்றி அளக்கத் தொடங்கினான். ஒருமுறை கிண்ணப் போட்டியில் தலைநகரத்துப் பெரிய அணியை மண் கவ்வவைத்ததாம், கடைசி நிமிடத்தில் முன்னணி வீரன் தலையால் இடித்துப் போட்ட கோலாம். பெட்டியோடு அவனைக் கடந்துபோன அண்ணை நின்றார். நின்று, தெள்ளத் தெளிவான பிரெஞ்சில், இந்த ஊர்ப் பிரெஞ்சில் அல்ல, அந்த நாட்டுப் பிரெஞ்சில், இல்லை என்றார். அது பெனல்ட்டி. முன்னணி வீரன் அன்றைக்குக் காய்ச்சலோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பார்வையாளர் பக்கம் இருந்தான். கோல் காப்பாளன் ஒடிந்த விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு விளையாடினான். மைதானமும் நம்முடையது இல்லை, ஆறு ஏறி நம்முடையது தண்ணீருக்குள் கிடந்தது. சாரதி வாயைப் பிளந்தபடி நின்றான். நானும் அப்படித்தான் நின்றிருப்பேன். அண்ணைக்கு அப்போதுதான் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. பெட்டியை நின்ற இடத்திலேயே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போனவர், லொறி புறப்படும்வரை வெளியே வரவில்லை.

அன்று மாலை பஸ்ஸில் மெல்லிய குரலில் சொன்னார். பிரான்சில் அகதி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். பாரிசில் பிடிபடுவோம் என்று பயந்து, ஒரு சாமியாரின் கடிதத்தோடு அந்தச் சிறு நகரத்துக்குப் போயிருக்கிறார். அங்கே பங்குச் சாமியார் மைதானத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை கொடுத்தார். ஏழு வருடம். வேலை, வீரர்களின் சப்பாத்து. சேறு வழிப்பது, காய வைப்பது, அடியில் தேய்ந்துபோன குமிழ்களைக் கழற்றிப் புதிதாகப் பூட்டுவது. யாரும் எங்கேயும் அவருடைய பெயரை எழுதவில்லை. எழுதாததுதான் அவருக்குப் பாதுகாப்பு. "இஞ்ச வரேக்க ஏஜென்சிக்காரன் ஒண்டுதான் சொன்னவன் தம்பி. பிரான்ஸ் எண்ட சொல்லே உன்ர வாயில வரக்கூடாது. கொழும்பிலயிருந்து நேர வந்தனான் எண்டுதான் எழுதிக் குடுத்தனான். இப்ப சிற்றிசனுக்குப் போட்டிருக்கிறன். அதுக்குள்ள போய் வாயைக் குடுத்திட்டன்." அவருடைய மனைவி, அவருடைய பத்திரங்களை வைத்து அவர் கூப்பிட்டு வந்தவர். மகள் இங்கே பிறந்து அப்போது கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், இருந்தாள். ஒரு நூலை இழுத்தால் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்பது அவருடைய பயம். அதில் பாதி வீண் பயமாயிருக்கலாம், எனக்குத் தெரியாது. எங்களில் எத்தனை பேர் இப்படி ஒரு நாட்டையே வாழ்க்கையிலிருந்து கழித்துவிட்டு இருந்தோம் என்பது மட்டும் தெரியும்.

என்னிடம் ஒருமுறை சொல்லியாயிற்று என்றதும் அவருக்கு வாய் நிற்கவில்லை. அடுத்த ஒரு வருடம் அந்தப் பஸ்ஸில் அந்தக் கழகத்தின் வரலாற்றைத் தவணை முறையில் கேட்டேன். பந்தில் எனக்கு ஒரு துளி ஆசையும் கிடையாது. பாதி நாள் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டேன். அந்த நகரத்தில் முதலில் இரண்டு கழகங்கள். ஒன்று கோயிலுடையது, மாதாவின் நீல நிறம். மற்றது கோப்பை பீங்கான் செய்கிற தொழிற்சாலைக்காரருடையது, கறுப்பு. சாமியாரின் பெடியளும் தொழிற்சாலைப் பெடியளும் வீதியில் ஒரே பக்கமாக நடக்கமாட்டார்களாம். பூசை முடியாமல் கோயில் அணி விளையாட வராது. அது தெரிந்தே மற்றவர்கள் ஆட்டத்தைக் காலையில் வைப்பார்களாம். யுத்தம் வந்தது, ஜெர்மன்காரர் மைதானத்தில் வண்டிகளை நிறுத்தினார்கள். முடிந்து பார்த்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தாலே பதினோரு பேர் தேறுவது கஷ்டம். வேறு வழியில்லாமல் ஒன்றானார்கள். ஜேர்சி என்ன நிறம் என்று மட்டும் இரண்டு வருடம் சண்டை. கடைசியில் உடம்பு நீலம், கை கறுப்பு. "எங்கட பங்கும் பக்கத்துப் பங்கும் பந்தடியில அடிபடுறது மாதிரித்தான், ஒரு வித்தியாசமும் இல்லை" என்று சிரிப்பார். ஒரே ஒரு பருவம் இரண்டாம் பிரிவுக்கு ஏறினார்கள், போன வேகத்தில் அடிவாங்கித் திரும்பினார்கள். தொழிற்சாலையை மூடினார்கள். அதன்பிறகு வருடா வருடம் கீழேதான். "நாங்கள் தோத்துப் பழகின ஆக்கள்" என்பார். அந்த 'நாங்கள்' அவரும் அந்தக் கழகமும்.

அந்தச் சாரதி விடுமுறைக்கு ஊருக்குப் போய், களஞ்சியத்தில் சந்தித்த அதிசய மனிதரைப் பற்றி எல்லாருக்கும் சொல்லியிருக்கிறான். திரும்பி வந்தபோது ஒரு கடித உறையை அண்ணையின் கையில் கொடுத்தான். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் கழகத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அவர் அனுப்பிய உறைக்குள், நான் முதலில் சொன்ன படத்தின் பிரதி ஒன்று. கடிதம் சுருக்கமானது: இது நீங்களாக இருந்தால் தயவுசெய்து உங்கள் உண்மையான பெயரையும் ஊரையும் எழுதுங்கள். நாங்கள் உங்களைச் சின்னவர் என்றுதான் கூப்பிட்டோம். ஏழு வருடம் எங்களோடு இருந்த ஒருவரைப் பட்டப்பெயரில் அச்சிட எனக்கு வெட்கமாயிருக்கிறது. அண்ணை அதை மதியச் சாப்பாட்டு மேசையில் பிரித்தார், சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை. அவருக்கு ஆசை முகத்தில் தெரிந்தது. ஒரு புத்தகத்தில், அத்தனை வீரர்களுக்கு நடுவில், அப்பா வைத்த பெயர். "போடச் சொல்லுவமா தம்பி?" என்று கேட்டார். கேட்டுவிட்டு உடனே, "வேண்டாம், விசர்க் கதை" என்றார்.

பதில் போடாமல் விட்டிருக்கலாம். அவர் அதைத்தான் நினைத்தார். நான்தான் பெரிய புத்திசாலி. "பதில் போடாட்டி இன்னும் தேடுவினம் அண்ணை. ஆள் நானில்லை எண்டு எழுதி முடிப்பம்" என்றேன். பஸ்ஸில் மடியில் பையை வைத்து அதன்மேல், அவர் எழுதுகிற மாதிரி எழுதினேன்: ஐயா, தாங்கள் ஆளை மாற்றிவிட்டீர்கள். நான் பிரான்சில் ஒருபோதும் வாழ்ந்ததில்லை. அந்தப் படத்தில் நிற்பது நான் அல்ல. மாலை வகுப்பில் படித்த பணிவான முடிப்பு வாக்கியங்கள் எல்லாவற்றையும் அதில் போட்டேன். எழுதி முடித்ததும் என் பிரெஞ்சு எனக்கே பிடித்திருந்தது. அண்ணை வாங்கி வாசித்தார். ஓரிடத்தில் என் இலக்கணப் பிழை ஒன்றைத் திருத்திவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

ஆசிரியர் மறுபடியும் எழுதினார், களஞ்சிய முகவரிக்கே. தொந்தரவு கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டிருந்தார். அவர் நம்பினாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: என்றைக்காவது அந்த மனிதரைச் சந்தித்தால், பழப்பெட்டிப் பலகையில் அவர் அடித்த சப்பாத்துத் தட்டு இன்னும் அறையில்தான் இருக்கிறது, பெடியன்கள் இன்னும் அதில்தான் வைக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அண்ணை அந்த வரியைத் தமிழில் சொல்லச் சொல்லி என்னைக் கேட்டார். அவருக்கு என்னைவிட நன்றாகப் பிரெஞ்சு தெரியும். இருந்தும் கேட்டார். சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்துச் சிற்றிசன் கிடைத்தது. சத்தியப்பிரமாணம் செய்துவிட்டு வந்த கிழமையே பஸ்ஸில் கேட்டார், "இப்ப எழுதுவமா?" எழுதினோம். இம்முறை அவரே எழுதினார், பெயர், ஊர், பங்கு, தகப்பன் பெயர் எல்லாம். பதிலுக்கு ஒரு பொதி வந்தது, உள்ளே இந்த நீல அட்டைப் புத்தகம். ஆசிரியர் இறந்துவிட்டார், புத்தகம் அதற்கு முன்பே அச்சாகிவிட்டது என்று அவருடைய மகள் சிறு குறிப்பு வைத்திருந்தார். அந்தக் கழகத்தையும் பக்கத்து நகரத்துக் கழகத்தோடு சேர்க்கப் போகிறார்களாம், பெயரையும் மாற்றுவார்களாம். அண்ணை படம் இருந்த பக்கத்தைப் புரட்டி எடுத்தார், கீழே வாசித்தார். சின்னவர் என்ற பட்டப்பெயர்கூட இல்லை. அந்த மனுசன் வெட்கப்பட்டு அதையும் விட்டுவிட்டார். "பிழையில்லை தம்பி. நாங்கள்தானே எழுதினனாங்கள்" என்றார். நான்தான் எழுதினேன். அவர் என்னை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிறகு அவருக்கு முழங்கால் போய் வேலையை விட்டார். நானும் வேறு வேலை பார்த்து, இந்தப் பக்கம் வீடு மாறினேன். மகளுக்குச் சொல்லுங்கள் என்று இரண்டு மூன்று தடவை சொன்னேன். "குடுத்த சிற்றிசனையும் புடுங்குவாங்களாம், பேந்து பாப்பம்" என்பார். அந்தப் பேந்து, அந்தப் பிறகு, வரவே இல்லை. இந்தப் பனிக்காலம் போய்விட்டார். பூசையில் சாமியார் அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொன்னார், யாழ்ப்பாணத்தில் பிறந்தார், மொன்றியலுக்கு வந்தார் என்று. நடுவில் ஏழு வருடம் இல்லை. பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எழும்பிச் சொல்லவா முடியும்.

மகளுக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்கத் தேத்தண்ணி ஆறிப் பச்சைத் தண்ணியாகிவிட்டது. கடிதத்தை எழுதினவன் நான் என்பதையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று பார்த்தேன், திட்டவில்லை. புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தாள். நீலமும் கறுப்புமான அந்த ஜேர்சிகளை விரலால் தடவினாள். பிறகு புத்தகத்தை என் பக்கம் திருப்பினாள். "இதில பென்சிலால தமிழில என்னவோ எழுதியிருக்கு மாமா. எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது." கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் சரித்துப் பிடித்தேன். பொதி வந்த அன்று நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்தவன். அப்போது அதில் எழுத்து எதுவும் இல்லை. 'பெயர் தெரியவில்லை' என்ற வரிக்குக் கீழே, அழுத்தாமல், யாராவது கேட்டால் அழித்துவிடலாம் என்கிற மாதிரி, ஒரே ஒரு சொல்.

"நான்" என்று வாசித்துச் சொன்னேன்.