பஸ்ரியன் எடுத்து வைத்த நாலு பெட்டி

இன்று டோர்செட் பார்க்கில், எட்டாம் மாடியில், பஸ்ரியன் அண்ணையைச் சந்தித்தேன். தன் பெயரை மறைக்காமல் போடச் சொன்னார். மற்றவர்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். நீளமாக இருக்கிறது என்று பாதியில் விட்டுவிடாதீர்கள். அவர் கூப்பிட்டதே கடைசியில் எழுதியிருக்கிற விஷயத்துக்காகத்தான்.

பஸ்ரியனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மன்னார் ஆள். கனடாவுக்கு வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவினார், பேக்கரியில் மாவு மூட்டை தூக்கினார். பதின்மூன்று வருடங்களுக்கு முன் மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில் இருக்கிற மீன்பிடி, வேட்டைச் சாமான் கடையில் சேர்ந்தார். முதலில் தூண்டில் பக்கம். சிம்கோ வாவிக்குப் போகிற நம் சனம் முதலில் அவரிடம்தான் வரும். பிறகு முதலாளி அவரைத் துவக்கு (துப்பாக்கி) உரிமம் எடுக்கவைத்து, துவக்குக்குள் போடுகிற ரவை விற்கிற கவுண்டரில் நிறுத்தினார்.

அந்தக் கவுண்டரில் அவர் மலை மாதிரி. உரிமக் காட் காட்டாமல் ஒரு ரவை வெளியே போகாது. பத்து வருட வாடிக்கைக்காரர் வந்து “என்னைத் தெரியாதா?” என்பார். “தெரியும். காட்” என்பார் பஸ்ரியன். ஒருமுறை சீருடையோடு வந்த பொலிஸ்காரரிடமே கேட்டுவிட்டார். அந்த மனிசன் சிரித்துக்கொண்டு காருக்குப் போய் எடுத்துவந்து காட்டினாராம்.

பிறகு பஞ்சம் வந்தது. ஒரே நாளில் வரவில்லை. கொரோனாக் காலத்தில் கடைத் தட்டுகள் முதன்முதலாக வெறுமையாகின. அடுத்து கைத்துப்பாக்கி விற்பனை நின்றது. அதற்குப் பிறகு பட்டியல் பட்டியலாகத் துவக்குகளுக்குத் தடை. தடையில் அகப்படாததை எல்லோரும் தேட, அதன் விலை ஏறியது. கடைசியாக எல்லைக்கு இரண்டு பக்கமும் வரிச் சண்டை. முப்பத்தைந்து டொலருக்குப் போன மான் ரவைப் பெட்டி, உள்ளே இருபது ரவை, அறுபத்தைந்தைத் தாண்டியது. கடைக்காரர் வாசலில் எழுதி ஒட்டினார்: ஆளுக்கு ஒரு பெட்டி, கிழமைக்கு ஒருமுறை.

கடை திறக்க முன்னமே வரிசை நிற்கும். தூண்டில் வாங்க வருகிற சனம் கதைக்கும், சிரிக்கும். இந்த வரிசை கதைக்காது. தன்னிடம் அந்த ரவைக்கு ஏற்ற அளவுத் துவக்கே இல்லாத ஆள்கூட, இருக்கிறதே என்று வாங்கிக்கொண்டு போனார். “எதுக்கு?” என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான்: விலை ஏறப்போகிறது, இருக்கட்டும்.

பஞ்சம் என்றால் பஸ்ரியனின் கை தானாகவே ஒரு வேலை செய்யும். சண்டைக் காலத்தில், பொருட்களுக்குத் தடை இருந்த நாளில், மன்னாரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் நின்றவர் அவர். சவர்க்காரமோ மண்ணெண்ணையோ வந்தால் கதவு திறக்க முன்னம் சொந்தக்காரருக்கு ஒன்று எடுத்து வைக்கவேண்டும். அதை ஒருவரும் களவு என்று சொல்லவில்லை. எடுத்து வைக்காதவனைத்தான் நெஞ்சில் ஈரமில்லாதவன் என்றார்கள்.

லெஸ்லி கேட்டபோது அந்தக் கைதான் முந்திக்கொண்டது.

லெஸ்லிக்கு நாற்பத்தாறு வயது. அஜின்கோர்ட்டில் வீடு, மனைவி வேரோனிக்கா, பதினாலு வயது மகள் மெலிசா. மெலிசாவின் ஞானத்தகப்பன் பஸ்ரியன்தான். கார்ப் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் வெள்ளைக்காரரோடு வேலை செய்து, அவர்களோடு சேர்ந்து மான் வேட்டைக்குப் பழகியவன் லெஸ்லி. போன வசந்தத்தில் அந்தத் தொழிற்சாலை ஒரு ஷிவ்டை முழுதாக நிறுத்தியது. லெஸ்லியும் வேலையிழந்து வீட்டுக்குப் போனான்.

செப்டெம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து, கோயில் கார் நிறுத்துமிடத்தில்தான் கதை தொடங்கியது.

“என்னண்ணை, கடையிலை ரவைக்குப் பஞ்சமாம்?”

“பஞ்சமோ! வெள்ளையள் தட்டை நக்கித் துடைச்சுப்போட்டுப் போறாங்கள்.”

“அப்ப எங்களைப் போல ஆக்கள் மானுக்குக் கல்லாலை எறியிறதோ?”

“நீ எறிஞ்சா மான் திருப்பி எறியும். பொறு, ஒண்டு எடுத்து வைக்கிறன்.”

கடையில் வேலை செய்கிறவரும் கிழமைக்கு ஒரு பெட்டி எடுக்கலாம். தன் பெயரில், தன் உரிமத்தில் எடுத்து, அடுத்த ஞாயிறு மளிகைப் பையில் போட்டுக் கொண்டுவந்தார். லெஸ்லியின் கை பின்பொக்கற்றுக்குப் போனது.

“காட் பாக்கேல்லையோ அண்ணை?”

“சீ, விடடா! பிள்ளையை ஞானஸ்நானத்திலை ஏந்தினவன் நான். உன்னட்டைக் காட் கேட்டிட்டு நாளைக்கு உன்ரை வாசல்படி மிதிக்கேலுமே?”

லெஸ்லி சிரித்தான். பொக்கற்றில் இருந்து கை வெறுமையாகத் திரும்பி வந்தது. பொலிஸ்காரரிடமே காட் கேட்ட மனிசன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காருக்குள் இருந்த மனைவி அன்ரனெற் கண்ணாடியை இறக்கினார். “கோயில் வளவுக்கை உதென்ன குடுக்கல் வாங்கல்? பாதர் கண்டா என்ன நினைப்பார்?”

“பாதருக்கு வேணுமெண்டால் அவருக்கும் ஒண்டு எடுத்து வைப்பன்.”

நாலு ஞாயிறு. நாலு பெட்டி. நாலாவதைக் கொடுக்கும்போது பஸ்ரியன் கேட்டார்: “எத்தினை மான் சுடப்போறாயடா?”

“விலை ஏறப்போகுதண்ணை. இருக்கட்டும்.”

வரிசையில் நின்ற எல்லோரும் சொன்ன அதே பதில். அதனால் அவர் காதில் அது ஒரு பதிலாகவே விழவில்லை.

மூன்று நாள் கழித்து, புதன்கிழமை. பஸ்ரியனுக்கு லீவு. மத்தியானம் வேரோனிக்கா வந்தாள். அன்ரனெற் தேத்தண்ணி ஊற்றினார். மான் காலம் வரப்போகிறது என்று பஸ்ரியன் சும்மா கதையைத் தொடங்கினார்.

“லெஸ்லி எப்ப வெளிக்கிடுறான்?”

“எங்கை வெளிக்கிடுறது அண்ணை? காட் ஓகஸ்ற்றோடை முடிஞ்சு போச்சு.”

பஸ்ரியன் கோப்பையைக் கீழே வைத்தார். “புதுப்பிக்கேல்லையோ?”

“அந்தப் போமிலை மனிசியின்ரை சைனும் கேக்கிறாங்கள். நான் வைக்கேல்லை. போமை மேசை லாச்சிக்கை போட்டுப் பூட்டியிருக்கிறன்.”

“ஏன் பிள்ளை?” என்றார் அன்ரனெற்.

வேரோனிக்கா கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தாள். பிறகு யாருக்கோ நடந்ததைச் சொல்வது மாதிரிச் சொன்னாள்.

“வேலை போனதிலையிருந்து பேஸ்மென்ற்தான், அக்கா. பட்டப்பகல்லை துவக்கைக் கழட்டித் துடைக்கிறார், பூட்டுறார், திருப்பிக் கழட்டுறார். போனமாதம் மெலிசா சாப்பிடக் கூப்பிடப் போனவள். ‘ஒருதரும் மிஞ்சாமல் மூண்டு பேரும் ஒண்டாப் போனா ஒருதருக்கும் கவலையில்லை’ எண்டவராம். பிள்ளை மேலை ஓடிவந்து சொல்லுறாள், ‘அம்மா, டாட் ஜோக் பண்ணேல்லை’ எண்டு.”

“பொலிசுக்குச் சொல்லேல்லையோ?”

“சொன்னா சனம் என்னைத்தானே கிழிக்கும்? துவக்குக் கிடந்தாக் கிடக்கட்டும். ரவை இல்லை. போன வருசமே முடிஞ்சுது. காட் இல்லாதவருக்கு ஆர் குடுப்பினம்? காட் இருக்கிறவைக்கே கிடைக்குதில்லையாம், விலையும் நெருப்பாம்.” அவள் பஸ்ரியனைப் பார்த்து மெல்லச் சிரித்தாள். “உந்தப் பஞ்சம் முடியக்கூடாதெண்டு நான் ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறன், அண்ணை.”

பஸ்ரியன் எழும்பி பல்கனிக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டு லெஸ்லிக்குப் போன் எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்தான்.

“என்னண்ணை, இந்த ஞாயிறுக்கும் பெட்டி இருக்கோ?”

“லெஸ்லி, நான் தந்த நாலையும் திருப்பித் தா. கடையிலை பிரச்சினை. இப்பவே வந்து எடுக்கிறன்.”

போனில் எங்கோ இரும்பில் இரும்பு படுகிற ஒரு சின்னச் சத்தம் மட்டும் கேட்டது.

“வேரோனிக்கா அங்கையோ, அண்ணை?”

“இல்லை.”

“அவளின்ரை கார் உங்கடை பில்டிங்கிலை நிக்குது. என்ரை போனிலை காட்டுது.” குரல் உயரவில்லை. “அவளுக்குச் சொல்லுங்கோ, மெலிசா பள்ளிக்கூடத்தாலை வாற நேரமாகுது, வீட்டை வரட்டாம் எண்டு. எல்லாரும் ஒண்டாச் சாப்பிடுவம்.”

வைத்துவிட்டான்.

நேரம் இரண்டே கால். மெலிசாவின் பள்ளி மூன்றேகாலுக்கு விடும். பஸ்ரியன் உள்ளே வந்தார்.

“பிள்ளை, நீ வீட்டை போகாதை. ரவை இருக்கு. நான்தான் குடுத்தனான். நாலு பெட்டி.”

வேரோனிக்கா அழவில்லை, கத்தவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“காட் பாக்கேல்லையோ, அண்ணை?”

  இதை என்னிடம் சொல்லும்போது பஸ்ரியன் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்ரனெற்தான் முதலில் அசைந்தார். கார்த் திறப்பை எடுத்து வேரோனிக்காவின் கையைப் பிடித்தார். அவளின் போனை மேசையிலேயே வைக்கச் சொன்னார். “நாங்கள் என்ரை காரிலை பள்ளிக்கூடம் போறம், பிள்ளையை உள்ளையே மறிக்கிறன்.” கதவடியில் நின்று கணவரைத் திரும்பிப் பார்த்தார். “நீங்கள் குடுத்ததை நீங்களே சொல்லுங்கோ.”

சொன்னார். பொலிசுக்குப் போன் எடுத்து, தெரிந்த இங்கிலிஷில், பெயர், விலாசம், இரண்டு துவக்கு, எண்பது ரவை, கொடுத்தது நான், காட் பார்க்கவில்லை. அந்தக் கடைசி வசனத்தோடு வேலை போகும், உரிமம் போகும், தன்மேல் வழக்கும் வரும் என்று தெரிந்துதான் சொன்னார்.

பொலிஸ் வீட்டைச் சுற்றி நின்றது. அயலவரை வெளியே எடுத்தார்கள். ஒன்றரை மணித்தியாலம் கழித்து லெஸ்லி கைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.  அந்த மூன்றேகால் மணியை நினைத்துப் பாருங்கள்!

இரண்டு துவக்கும் அகப்பட்டன. ரவைப் பெட்டி மூன்றுதான் அகப்பட்டது.

“மூண்டுதான் தந்தவர்” என்றான் லெஸ்லி. “நாலு” என்றார் பஸ்ரியன். கடைக் கணனியும் நாலு என்றது. வீட்டையும் காரையும் தோட்டக் கொட்டிலையும் பிரட்டிப் பார்த்தார்கள். இல்லை.

லெஸ்லி இப்போது நிபந்தனைப் பிணையில் வெளியே வந்து, இன்னொரு நகரத்தில் ஒரு சினேகிதனோடு இருக்கிறான். வேரோனிக்காவும் மெலிசாவும் எங்கே என்று பஸ்ரியனுக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்கிறார். வேலை போய்விட்டது. வழக்கு நடக்கிறது. அதைவிட, அஜின்கோர்ட்டில் மரக்கறி வாங்கப் போனால் தெரிந்தவர்கள் வண்டிலைத் திருப்பிக்கொண்டு அடுத்த பக்கத்தால் போகிறார்கள். “ஞானப்பிள்ளையின்ரை தேப்பனைக் காட்டிக் குடுத்தவன்” என்று அவருக்குக் கேட்கத்தக்கதாகவே சொல்கிறார்கள். துவக்கைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை.

“அவங்கள் கதைக்கட்டும், எனக்கு அது பெரிசில்லை, பிள்ளை” என்றார். “அந்த ஞாயிறுக்கும் புதனுக்கும் இடையிலை லெஸ்லி நாலைஞ்சு வீட்டை போயிருக்கிறான். ஆரிட்டையோ வைச்சிருக்கிறான். எங்கடை சனம் ஒருதன் நம்பித் தந்ததை அவிழ்த்துப் பாக்காது. அவனோடை மானுக்குப் போறவையிட்டை அதே அளவுத் துவக்கு மூண்டு இருக்கு. துவக்கு இரவல் வாங்கலாம். இந்தக் காலத்திலை ரவைதான் கிடையாது. அது அவனிட்டை இருக்கு.”

அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்டும் பார்த்தார். ஒரு வீட்டிலும் கதவு திறக்கவில்லை.

ஆகவே கேட்கிறேன். போன ஒக்ரோபர் கடைசியில், வேலை போன ஒரு சினேகிதன் அஜின்கோர்ட், மில்லிக்கன், டோர்செட் பார்க் பக்கம் உங்கள் வீட்டுக்கு வந்து, “கொஞ்ச நாளைக்கு வைச்சிரு” என்று கையடக்கமான, அளவுக்கு மிஞ்சிப் பாரமான ஒரு பொதி தந்தானா? கராஜிலும் அலுமாரிக்கு மேலும் தேடிப் பாருங்கள். இருந்தால் அவனுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பஸ்ரியனிடமும் கொண்டுபோகாதீர்கள். பொலிசைக் கூப்பிட்டு, வந்து எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் கோயில் குழுவிலும், ஊர்ச் சங்கக் குழுவிலும், குடும்ப வட்ஸ்அப்பிலும் இதைப் பகிருங்கள். லெஸ்லியும் வாசிப்பான் என்று தெரியும். அவன் போய் அதை எடுக்க முன்னம் மற்றவர்கள் வாசிக்கவேண்டும். இப்போதே பகிருங்கள்.