சோளகத்துக்கு மெடிக்கல் இல்லை

“ஒரு மெடிக்கல் கொண்டா மகள், முடிஞ்சு போச்சு” என்றார் அதிபர்.

உயர்தரப் பரீட்சைக்கான என் விண்ணப்பம் அவர் மேசையில் கிடந்தது. அவருடைய கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வரவுப் பதிவேட்டை விரித்து, என் பெயருக்கு நேரே வரிசையாக ஓடிய சிவப்புக் கோடுகளைப் பேனா முனையால் தட்டிக் காட்டினார். வரவு போதாது. போதாததற்குக் காரணம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பாடசாலைப் பிள்ளையாகப் பரீட்சை எழுத முடியாது. பிரைவேட்டாக, வெளியாளாக எழுத வேண்டியதுதான்.

“எனக்கு நோய் வருத்தம் ஒண்டும் வரல்லயே சேர்.”

“வரல்லயெண்டு எனக்கும் தெரியும். மெடிக்கல் வருமில்ல?”

நான் எங்கே போயிருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று பிடித்து எங்கள் மேற்குக் கரைக் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும், எங்கள் ஊரான கண்டக்குழியில் பல குடும்பங்கள் படகுகளை லொறியில் ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய்விடும். அங்கே திருகோணமலைப் பக்கம், மணலில் தகரமும் தென்னங்கிடுகும் வைத்து அடித்த வாடிகளில் தங்கித் தொழில் செய்வோம். காற்று அடங்கினால் திரும்பி வருவோம். அந்த வருடம் அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்ததால் அவருடைய வேலையெல்லாம் என் தலையில். படகுக்காரர்களுக்குச் சோறு ஆக்கினேன், மீன் கீறி உப்புப் போட்டுக் காயவைத்தேன், மத்தியானங்களில் பொருளியல் படித்தேன். ஒரு நாள் கூடக் காய்ச்சல் வரவில்லை.

ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் வழக்கம் வேறு. வாடிக்குப் போய் வந்த பிள்ளைகள் எல்லோரும் ஏதாவது ஒரு டிஸ்பென்சரியில், நோயாய்க் கிடந்ததாக ஒரு மெடிக்கல் துண்டு வாங்கி வந்து கொடுப்பார்கள். அதிபரின் அலுமாரியில் ஒரு கோவை நிறைய அந்தத் துண்டுகள்தான். அதை மட்டும் வாசிக்கிற ஒருவர், சோளகம் வந்தால் கண்டக்குழியே பாயில் விழுந்துவிடும் என்று நினைப்பார். முந்திய வருடங்களில் நானும் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை டைபாய்ட், ஒருமுறை செங்கமாரி, ஒருமுறை சின்னம்மை. தழும்பு எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்த முறை கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அம்மாவும் அப்பாவும் இன்றும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் வைக்கிறவர்கள். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த ஒரே ஆளும் எங்களைப் பற்றிப் பொய்யைத்தான் எழுதுவாள் என்றால், என்னைப் படிக்க வைத்தது எதற்கு?

அதிபரின் அறையிலிருந்து நேரே நூலகத்துக்குப் போனேன். மேடைக்குப் பின்னால் ஓர் அறை, மூன்று அலுமாரிகள், ஒரு கணினி, நினைத்தபோது வந்து போகிற இணையம். அந்தக் கணினியில்தான் நூலக டீச்சர் எங்களுக்குத் தகவல்படம் செய்யும் இணையதளத்தைக் காட்டித் தந்திருந்தார். அதில் ஆயத்தமாக இருக்கும் வடிவம் ஒன்றை எடுத்து, அவர்களுடைய சொற்களை அழித்து எங்களுடையதைப் போட்டு, படங்களை இழுத்து வைத்தால் ஒரு பெரிய விடயத்தை ஒரே பக்கத்தில் விளங்க வைத்துவிடலாம். டெங்குக்கு நான் செய்ததை அதிபரே வலயக் கல்வி அலுவலகம் வரை கொண்டு போய்க் காட்டியிருந்தார். டெங்கு பரப்பும் நுளம்புக்குப் படம் செய்யலாம் என்றால் எனக்கும் செய்யலாம்.

பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு பெட்டிகள் ஒரே வரிசையில் உள்ள வடிவத்தை எடுத்தேன். எங்கள் கடலில் இருக்கும் மாதங்களுக்கு நீலம், வாடியில் இருக்கும் மாதங்களுக்கு மஞ்சள், நான் வராத நாட்களுக்குச் சிவப்புப் புள்ளி. மீனவர் என்று தேடியபோது தாடி வைத்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தூண்டிலோடு வந்தார். வேறு யாரும் வராததால் அவரையே மூலையில் வைத்தேன். வீட்டுக்குப் போய்ப் போனில் அம்மாவுக்குக் காட்டினேன்.

“இந்தக் கிழவன் ஆர்? ஒரு தூண்டிலப் போட்டுட்டு நாள் முழுக்க இருக்கிறான். இவன்ட பொண்டாட்டி இவனுக்குச் சோறு குடுப்பாளா?” என்றார் அம்மா. பிறகு போனைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். “இதென்னடி, எங்கள ரெண்டா வெட்டி ரெண்டு பக்கத்தில போட்டிருக்கிறாய்?”

அவருக்கு எழுத்துத் தெரியாது, நிறம் தெரியும். இடது ஓரத்தில் கொஞ்சம் நீலம், வலது ஓரத்தில் கொஞ்சம் நீலம், நடுவில் மஞ்சள்.

“மார்கழியில நத்தாருக்கு முந்தியும் பிந்தியும் நாங்க இஞ்சதானே? ஒரே கடல், ஒரே இருப்பு. இடையில ஆர் வெட்டினது?”

“ஜனவரி வெட்டினது அம்மா.”

“அதுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்?”

வருடம் ஜனவரியில்தான் தொடங்கும் என்று நம்பியது என் பிழை. பள்ளிக்கூடம் போனதால் வந்த பிழை. மறுநாள் பெட்டிகளை அழித்துவிட்டு ஒரு வட்டத்தை எடுத்தேன். கிழவரையும் அனுப்பிவிட்டேன். நீலம் ஒரே துண்டாகச் சேர்ந்தது, மஞ்சள் ஒரே துண்டாக நின்றது. சிவப்புப் புள்ளிகள் எல்லாம் மஞ்சளுக்குள். நீலத்தில் ஒன்று கூட இல்லை. மேலே ‘நாங்கள் எங்கே போகிறோம்?’ என்று எழுதினேன். கீழே, ‘இது காய்ச்சல் அல்ல.’

அச்செடுத்து நூலகப் பலகையில் குத்தினேன். நூலக டீச்சர் வாயில் கை வைத்துக்கொண்டார்.

“யா அல்லாஹ்! அதிபர் கண்டா என்னையல்லவா புள்ள ஏசுவாரு!”

“நான் கேக்காமச் செஞ்சதெண்டு சொல்லுங்க டீச்சர்.”

“கேட்டிருந்தா வேணாமெண்டு சொல்லியிருப்பேன்” என்றவர், படம் சரிந்து நிற்கிறதென்று நேராக்கிவிட்டார்.

இடைவேளையில் வாடிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பயந்துபோய், “அக்கா, இதால எங்கட மெடிக்கலும் பிடிபடுமே?” என்றாள். “குண்டூசியில பேர் இல்ல. நீ வாடிக்குப் போன மாசத்தில குத்திட்டுப் போ” என்றேன். அவள் குத்தினாள். பிறகு இன்னொருவர். பள்ளிக்கூடம் விடுவதற்குள் மஞ்சள் பகுதி முழுக்க ஊசித் தலைகள்.

மறுநாள் அதிபர் வந்தார்.

“இத ஆர் குத்தினது?”

“நான்தான் சேர்.”

“நான் கேட்டது மெடிக்கல்.”

“இதுதான் சேர் என்ட காரணம்.”

“படம் காட்டி வரவு எடுக்க ஏலுமா? வலயத்தில சிரிப்பாங்க.”

“டெங்குப் படத்துக்குச் சிரிக்கல்லயே சேர்.”

டீச்சர் இருமினார். அதிபரின் காது சிவந்தது. “வாய் கூடிப் போச்சு. கழட்டு!”

“கழட்டமாட்டன் சேர்.”

அவரே கழற்றப் போனார். கை வைக்க இடமில்லை, எங்கும் ஊசி. அப்போதுதான் படத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். விரலை மஞ்சளின் ஓரமாக மெதுவாகக் கொண்டுபோனார்.

“இவ்வளவு பேருமா? ஒரே நேரத்திலயா போறது?”

“கடல் ஒண்டுதானே சேர்.”

படத்தைக் கழற்றாமலே போய்விட்டார். கடைசிப் பாடவேளையில் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

“காரணமெண்டு போடுற கட்டத்தில சுகயீனம் போடலாம், குடும்பத்தில மரணம் போடலாம். வாடியெண்டு ஒரு காரணம் இருக்கிறதா நான் கேள்விப்படல்ல.”

“நீங்க எழுதினா இருக்கும் சேர்.”

“திருப்பி அனுப்பினா பிரைவேட்தான். பிறகு அழுதுகொண்டு வரக்கூடாது.”

“வரமாட்டன்.”

‘பருவகால மீன்பிடிக்காகக் குடும்பம் கிழக்குக் கரைக்குச் சென்றது. விளக்கப்படம் இணைக்கப்பட்டுள்ளது’ என்று விண்ணப்பத்திலும் பதிவேட்டிலும் எழுதிக் கையெழுத்து வைத்தார். எழுத்து சின்னதாக இருந்தது. ஆனாலும் எழுதினார்.

விண்ணப்பம் வலயத்திலிருந்து திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், ‘மருத்துவச் சான்றிதழ் எங்கே?’ என்று கேட்டிருந்தார்கள். எங்கள் பாடசாலை அலுவலக உதவியாளர் ரகசியமாக, “இப்பவும் நேரம் இருக்குது, ஒரு துண்டு எடுத்துட்டு வா” என்றார். நூலகத்துக்குப் போய் அதே படத்தை இன்னும் பெரிதாக அச்செடுத்து, ‘சான்றிதழ் இல்லை, ஏனெனில் நோய் இல்லை’ என்று ஒரு கடிதம் எழுதி இணைத்துக் கொடுத்தேன். அதிபர் பெருமூச்சு விட்டு அதையும் அனுப்பினார். அதற்குப் பிறகு காத்திருந்த நாட்களில் எனக்குப் பயமே இருக்கவில்லை என்று சொன்னால் அதுவும் ஒரு மெடிக்கல்தான்.

அனுமதி அட்டை பாடசாலை முகவரிக்கே வந்தது. வெள்ளைச் சீருடையில், என் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுதினேன்.

ஒரு துண்டுக் கடதாசியில் முடிகிற வேலைக்கு இவ்வளவு பாடா என்று இன்றும் கேட்கிறார்கள். முடிந்திருக்கும்தான். ஆனால் அந்தப் பதிவேட்டை எப்போது யார் திறந்தாலும் நான் நோயாளியாகவே கிடந்திருப்பேன். இப்போது திறப்பவர்கள், நான் வேலைக்குப் போயிருந்ததை வாசிக்கட்டும்.