மாப்பிள்ளைக் காரின் வாட்டர் பம்ப்

ராத்தாவுக்கு வாப்பா பார்த்த மாப்பிள்ளை பாலமுனையில் ஒரு டிராக்டர் கராஜில் வேலை செய்தார். உம்மாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகவே வருகிறவரோடு காலமெல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கப்போவது உம்மா. அரசாங்கக் கந்தோரில் கதிரை போட்டு உட்காருகிற ஒருவரை அவர் மனதுக்குள் எப்போதோ மருமகனாக்கி வைத்திருந்தார். "எண்ணெய்க் கையோட என்ட ஊட்டுச் சோத்துல கை வெக்கப் போறான்" என்று, வாப்பாவுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தமாக, அடுப்படியில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். ராத்தா அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அது உம்மாவுக்கு இன்னும் எரிச்சல்.

மாமா, அதாவது உம்மா காக்கா என்று கூப்பிடும் அவருடைய அண்ணன், கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் இடையே வாடகைக் கார் ஓட்டுகிறவர். மாப்பிள்ளையை அழைத்துவர அவருடைய கறுப்புக் கார்தான் என்று முடிவாயிற்று. கலியாணத்துக்குச் சில நாட்கள் முன்பு அதன் வாட்டர் பம்பைக் கழற்றிப் புது கேஸ்கட் போட்டு எங்கள் முற்றத்திலேயே பூட்டினார். அப்படியும் தண்ணீர் ஒழுகியது. ஸ்பெனரை எடுத்து போல்டுகளை இறுக்கினார். மறுநாளும் இறுக்கினார். பம்புக்கு நேர்கீழே மணல் நனைந்துகொண்டேயிருந்தது. நான் பக்கத்தில் குந்தியிருந்து அவருடைய புயத்தையே பார்ப்பேன். அந்தப் புயத்துக்கு அடங்காத ஒழுக்கு ஒன்று இருக்க முடியாது என்பது என் நம்பிக்கை.

"காக்கா, அண்டைக்கி கார் ஒழுங்கா வந்து சேருமா?" என்று உம்மா கேட்டார்.

"வரும் புள்ள, வரும்" என்றார் மாமா.

கலியாணத்தன்று எனக்கும் ஓர் உத்தியோகம் இருந்தது. மாப்பிள்ளை வாசலில் வந்து இறங்கியதும் பெண்ணின் தம்பி அவர் காலைக் கழுவிவிட வேண்டும். அவர் அவனுக்கு மோதிரம் போடுவார். அஸர் தொழுகை முடிந்ததிலிருந்தே தண்ணீர்ச் செம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வேலிவாசல் படலையில் நின்றேன். யார் கேட்டும் செம்பைக் கொடுக்கவில்லை.

பொல்லடிக்காரர்கள் கம்புகளைத் தட்டி ஆடிக்கொண்டு முன்னே வர, கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. பெண்கள் குரவை எடுத்தார்கள். படலைக்கு வர இன்னும் கொஞ்சத் தூரம் இருக்கையில், சரியாக எங்கள் கிடுகு வேலியின் மூலையில், கார் நின்றுவிட்டது. பொனட்டிலிருந்து ஆவி கிளம்பியது. குரவை பாதியில் நின்றது. மாப்பிள்ளை தெருவில் நடந்து வந்து வீடு ஏறினால் ஊர் எத்தனை வருசம் சொல்லிச் சிரிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த உம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

மாமா பொனட்டைத் திறந்து, மறுபடியும் ஸ்பெனரைப் போட்டார்.

"மாமா, இறுக்க வேணாம். போல்ட்டு உடைஞ்சிரும்" என்று காருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

மாப்பிள்ளை இறங்கினார். கோட்டைக் கழற்றித் தோழனிடம் கொடுத்தார், சட்டைக் கையை மடித்தார். சூடு தணியும் வரை காத்து நின்றார். பிறகு நனைத்த சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். பம்பைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். "கேஸ்கட் காஞ்சுதான் கிடக்கு. தண்ணி வாறது போல்ட்டுத் தலைக்குக் கீழால" என்றார். ஒரு போல்டைக் கழற்றிக் காட்டினார். நுனிவரை ஈரம். "இந்த போல்ட்டு ஓட்ட, உள்ளுக்குத் தண்ணி ஓடுற இடம் வரைக்கும் போகுது மாமா. எவ்வளவு இறுக்கினாலும் திருகு மரை வழியா ஏறி வெளிய வரும். மரையத்தான் அடைக்கணும். கொஞ்சம் சுண்ணாம்பு இருந்தாச் சமாளிக்கலாம்."

"புள்ள, வெத்தில வட்டாவக் கொண்டா" என்று மாமா வேலியைப் பார்த்துக் கூப்பிட்டார். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தானே வட்டாவோடு வந்து நின்றார்.

மாப்பிள்ளை தன் தலைப்பாகையின் ஓரத்தில் நூலை உருவினார். கலியாணத் தலைப்பாகை! கூட்டத்தில் யாரோ 'அல்லாஹ்' என்றார்கள். போல்டைத் துடைத்து, அது திருகி ஏறும் பக்கமாகவே நூலை மரைக்குள் படியச் சுற்றி, சுண்ணாம்பைத் தடவிப் பூட்டினார். அதை முடித்த பிறகே அடுத்ததைக் கழற்றினார். இறுக்கும்போது ஒரு குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போடுவதுபோல அவ்வளவு மெதுவாக இறுக்கினார். பொல்லடிக்காரர்களும் பொல்லைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். அப்படிப்பட்ட கைகளை நான் அதுவரை கண்டதில்லை.

மாமா என் செம்பைப் பறித்து ரேடியேட்டருக்குள் ஊற்றிவிட்டார். இன்னொரு வேளையாக இருந்தால் அழுதிருப்பேன். எஞ்சின் உறுமியது. எல்லோரும் குனிந்து பம்புக்குக் கீழே பார்த்தோம். ஒரு சொட்டு விழவில்லை.

கார் படலைக்கு வந்தது. நான் கிணற்றுக்கு ஓடிப்போய் வேறு தண்ணீர் அள்ளி வந்தேன். மாப்பிள்ளையின் கை இரண்டும் கறுத்துக் கிடந்தன. காலைக் கழுவி முடித்தபோது உம்மா சவுக்காரத்தை என்னிடம் நீட்டினார்.

"கையையும் நல்லாக் கழுவி உடு மனே. தொழில் தெரிஞ்ச கை" என்றார்.

அன்றிலிருந்து உம்மாவுக்கு மருமகனை மிஞ்சிய ஆள் கிடையாது. மீன் ஆக்கினால் நடுத்துண்டு மச்சானுக்குத்தான். கூடவே மாமாவுக்குத் திட்டும் விழும். "காக்காக்கு ஒரு போல்ட்டுப் பூட்டத் தெரியா. அண்டைக்கி என்ட மருமகன் இல்லாட்டி மானம் போயிருக்கும்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். மாமா கூடவே இருந்து சிரிப்பார். நானும் மாமாவைக் கைவிட்டு மச்சானின் பின்னால் திரியத் தொடங்கினேன்.

நான் வளர்ந்து, தாடி முளைத்த பிறகு ஒருநாள் மாமாவின் வீட்டுக்குப் போனேன். அவர் வேறு ஒரு காரின் வாட்டர் பம்பைப் பூட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு போல்டாகத் துடைத்து, நூல் சுற்றி, பசை தடவி ஏற்றினார். கண் வேறெங்கோ இருக்க, கை தன்பாட்டில் வேலை செய்தது.

"மச்சானிட்டப் படிச்சீங்களா மாமா?"

"உன்ட மச்சான் பொறக்க முந்தியே நான் இப்பிடித்தான் பூட்டுறன்" என்றார்.

"அப்ப அண்டைக்கி?"

அடுத்த போல்டை எடுத்துத் துடைத்தார். "அண்டைக்கி உங்கும்மா வேலியடியில நிண்டாவே" என்றார்.

அன்று அந்தக் கூட்டத்தில் மச்சானின் கையைப் பார்த்து வாய் பிளந்து நின்றவன் நான். அவருக்குப் பக்கத்தில், ஸ்பெனரைப் பிடித்துக்கொண்டு, ஊரே பார்க்க வேண்டுமென்றே ஒன்றும் தெரியாதவராக நின்ற மனிதரை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.