போர்ப் படத்துக்கு வந்த குதிரை

படப்பிடிப்பில் நடந்ததற்கெல்லாம் டைரக்டர் பெயர் வாங்குவார், நடக்காததற்கெல்லாம் தயாரிப்பு நிர்வாகி திட்டு வாங்குவார். கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்று முழித்தவர்களுக்கு என் பாடு புரியும். ஜப்பான்காரன் மலாய் நாட்டைப் பிடித்திருந்த காலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பையனும் அவன் குதிரையும், இதுதான் படம். சிகாமட் பக்கம் எடுத்தோம். என் கவலை ஒன்றே ஒன்று: பையன் முழுசாக வீடு போய்ச் சேரவேண்டும்.

இன்சூரன்ஸ்

பையனாக நடிக்க வந்த கவின், தெப்ரா டவுனில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவன். குதிரையை ஹேன்ட்போனில் மட்டும் பார்த்தவன். நேரில் பார்த்ததும் ஒரே ஓட்டமாகப் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "ஒண்ணும் ஆகாது, நான் பொறுப்பு" என்று கூட வந்திருந்த அவன் அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். அதோடு நிறுத்தாமல், குதிரைக்கு இன்சூரன்ஸ் எடுத்திருப்பதையும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். அந்த அம்மா கேட்டார்: "குதிரைக்கு எடுத்தீங்க, சரிண்ணே. எம்பிள்ளைக்கு?"

குடை

மறுநாள் திடலில் வெடிகளைப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று மழை. கேமரா நனைகிறதே என்று "கொடை! கொடை! சீக்கிரம்!" எனக் கத்தினேன். குதிரைக்காரர் பாக் மான் மலாய்க்காரர். மலாயில் குதிரைக்கு 'குடா' என்று பெயர். மனுஷர் குதிரையை இழுத்துக்கொண்டு வெடி புதைத்த திடலுக்குள்ளேயே ஓடிவந்தார். பின்னாலேயே கவின். "அலமாக்!" என்று வெடிக்காரர் தலையில் கை வைத்தார். நல்லவேளை, ஒயர் இன்னும் இணைக்கவில்லை. எனக்குக் கை கால் ஓடவில்லை, வாய் மட்டும் ஓடியது. எல்லா வசவையும் கேட்டுவிட்டு, பாக் மான் தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "தம்பி, நீ குடா கேட்டே, நான் குடா கொண்டாந்தேன். என்ன கோவம் லா?"

டமால்

காட்சிப்படி ஜப்பான் சிப்பாய்கள் குதிரையை இழுத்துப்போக வேண்டும், தூரத்தில் குண்டு வெடிக்க வேண்டும், பையன் அசையாமல் நின்று அழ வேண்டும். முதல் வெடிக்கே குதிரை கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் கவினை நோக்கிப் பாய்ந்தது. சிப்பாய்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு மரத்துக்குப் பின்னால் ஓடினார்கள். அவன் அம்மா அலறினார். நானும் ஓடினேன். எட்டியிருக்க மாட்டேன்.

அவன் முன்னால் வந்து குதிரை நின்றுவிட்டது. அவன் அக்குளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கியது. "பிரமாதம்! இன்னொரு வெடி!" என்றார் டைரக்டர். கவின் அதன் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். அவனும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தான்.

"இதுக்கு நடிக்கிறோம்னு தெரியாது அங்கிள். சண்டை நெஜம்னு நெனச்சிக்கிட்டு இருக்கு."

அதற்குப் பிறகு ஒரு வெடியும் வைக்க நான் விடவில்லை. மிச்சப் போர் முழுவதையும் நான்தான் கேமராவுக்குப் பின்னால் நின்று, 'டமால், டமால்' என்று மெதுவாக, குதிரைக்குக் கேட்காதபடி, வாயாலேயே நடத்தி முடித்தேன்.